ஏழு கோயில்களின் ஏடுகள்

சென்ற அத்தியாயத்தில் சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தரின் கோட்டையையும், அதற்குள் அவர்கள் தம்மில் இறந்தோருக்கு நாட்டிய சித்திர வேலைப்பாடமைந்த கற்பலகைகளையும் விஸ்தாரமாகப் பார்த்தோம். அங்கிருந்து கடலோரமாகவே வடக்கு நோக்கிச் சில மைல் வந்தால் மாமல்லபுரம். பல்லவர் அங்கே செய்வித்த குகைகளையும் ரதங்களையும் கோயில்களையும் பற்றி நூல்கள் அநேகம் இருப்பதால் அவற்றையே மறுபடி வர்ணிப்பதை விடுத்து, அவற்றைப் பற்றி எழுதியவர்களின் சரித்திரத்தை இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆதாரமாக இருப்பது 1869ஆம் ஆண்டில் சென்னையில் அச்சான ஒரு தொகுப்பு. சென்னை ராணுவத்தைச் சேர்ந்த காப்டன் கார் என்பவர், அரசாங்க உத்தரவின்பேரில், அதுவரை கல்கத்தாவிலும் லண்டனிலும் சென்னையிலும் வெவ்வேறு சபைகளின் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த வியாசங்களைத் திரட்டி, ‘கோரமண்டலக் கரையிலுள்ள ஏழு கோயில்களைப் பற்றிய விவரண, சரித்திர வியாசங்கள்’ என்று பொருள்படும் தலைப்பிட்டு வெளியிட்டார். ஒரே ஊரைப் பற்றிய ஆராய்ச்சிகள் ஒரே கட்டாகக் கைக்குக் கிடைத்தது, எனக்குத் தெரிந்தவரை, தமிழ்நாட்டில் வேறு எந்தக் கடற்கரைக் கிராமத்துக்கும் அக்காலத்தில் வாய்க்காத பாக்கியம்.

அத்தொகுப்பின் முதல் வியாசம் வில்லியம் சேம்பர்ஸ் எழுதியது. அவர் 1772இலும் 1776இலும் இவ்வூருக்கு வந்தார். ஆனால் பின்னொரு நாள் இதைப் பற்றி எழுத நேரும் என்று அப்போது நினைக்காதபடியால் அளவு எதுவும் எடுக்காமலும் குறிப்பு எதுவும் எழுதாமலும் திரும்பிப் போய், ஆண்டுகள் பல கழிந்தபின் நினைவை மட்டும் துணைக்கொண்டு எழுதினார் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வங்காள ஆசியச் சங்கத்தின் முதல் தொகுதியில், 1788இல், அது அச்சேறியது. சிற்பங்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் இன்று பயன்படுவது கொஞ்சம்தான். எனினும் ஊரிலிருந்த முதியவர்கள், கடலுக்குள் வெகுதூரத்தில் பல கோயில்களின் உச்சிகளைத் தங்கள் காலத்தில் கண்டதுண்டென்றும், செப்புத் தகடு வேய்ந்த அவ்வுச்சிகள் சூரியோதய வேளையில் நன்றாகப் பளபளத்துத் தெரியும் என்றும் கூறியதை அவர் எழுதிவைத்தார். அந்த ஒரு வாக்கியம் கடல் கடந்து போய், 1810இல் ஆங்கிலக் கவி ராபர்ட் சதே இயற்றிய ‘கெஹாமாவின் சாபம்’ என்ற காவியத்தில் மகாபலியின் மூழ்கிய நகரமாக உருவெடுத்தது. அங்கிருந்து திரும்பி வந்து, ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளின் நாவில் இன்றும் குடியிருக்கிறது. கேட்டதை ஒருவன் உண்மையாகவே எழுதிவைத்தாலும், அது படிப்பவர்களின் ஆசைக்கேற்ப வளர்ந்து எங்கெல்லாம் போய்விடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் இந்தக் கரையில் இல்லை.

அடுத்தவர் கோல்டிங்ஹாம். நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தில் நட்சத்திரங்களை அளந்துகொண்டிருந்த இந்த வான சாஸ்திரி, 1798இல் மாமல்லபுரத்துப் பாறைகளைப் பற்றி எழுதியது வியப்பன்று. பரிசோதனையில் பழகிய கண் அவருடையது. ஊர்ப் பிராமணர்கள் சொன்ன ஒரு கதையை அவர் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். வடதேசத்து அரசன் ஒருவன் பெரிய வேலையொன்றைச் செய்யச் சொல்லி, சிற்பிகள் கூலிக்கு இணங்காமல் போகவே, அவன் பலாத்காரம் செய்யத் துணிந்தான்; அவர்கள் நாலாயிரம் பேர் தட்டுமுட்டுச் சாமான்களுடன் இங்கே ஓடிவந்து, நாலைந்து வருஷம் தங்கி இவற்றைச் செதுக்கினார்கள்; அரசன் தேடிக் கண்டுபிடித்துச் சமாதானம் சொல்லி அழைத்துப் போனதால் வேலை அரைகுறையாக நின்றது. கதை கதைதான். ஆயினும், இவ்வூரில் ஏன் இத்தனை வேலை முடியாமல் நிற்கிறது என்ற சரியான கேள்வியை அக்கதையைச் சொன்னவர்கள் கேட்டுவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்வந்த பண்டிதர்களில் சிலருக்கு அக்கேள்வியே தோன்றவில்லை.

கார் தொகுத்த வியாசங்களில் வெள்ளைக்காரர் அல்லாதார் எழுதியது காவலி லக்ஷ்மய்யாவின் விவரணம். 1803ஆம் ஆண்டு தேதியிட்ட அது தெலுங்கில் எழுதப்பட்டது. காவலி சகோதரர்கள் ஏலூரைச் சேர்ந்த நியோகிப் பிராமணர்கள். மூத்தவர் போரய்யா, அடுத்தவர் லக்ஷ்மய்யா, இளையவர் ராமசாமி. மூவரும் காலின் மெக்கன்சி என்ற சர்வேத் தலைவரிடம் பணிசெய்தவர்கள். மெக்கன்சி நிலம் அளக்க வந்தவர்; ஆனால் அளவுச் சங்கிலி போன இடமெல்லாம் சாசனப் படிகளும், ஓலைச் சுவடிகளும், ஊர்க் கைபீதுகளும் அவருக்கு வந்து குவிந்தன. அவருக்குத் தமிழோ தெலுங்கோ சம்ஸ்கிருதமோ தெரியாது. கோயில் வாசலில் நின்று அர்ச்சகரையும் கணக்குப்பிள்ளையையும் விசாரித்து, நம்பிக்கை பெற்று, சுவடியை இரவல் வாங்கி, அதன் சாரத்தை எழுதி அனுப்பிய வேலை முழுவதும் காவலி சகோதரரும் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட பண்டிதர்களும் செய்தது. போரய்யா இளம் வயதிலேயே, அதே 1803இல், காலமானார். தமையன் விட்ட பாரத்தைத் தம்பி ஏற்றுக்கொண்டார்.

இதற்குப் பின்னால் நடந்ததை நம் சரித்திரகாரர்கள் அதிகம் பேசுவதில்லை. 1821இல் மெக்கன்சி இறந்தார். அவர் சேர்த்தவற்றை ஒழுங்குபடுத்தி முடிக்கத் தம்மை அனுமதிக்க வேண்டும் என்று லக்ஷ்மய்யா பல வருஷம் விண்ணப்பித்தார். 1836இல் அவ்விஷயம் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் முன் வந்தபோது, காரியதரிசியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், லக்ஷ்மய்யாவுக்கு மட்டுமன்றிச் சுதேசி எவருக்குமே அப்பணிக்கு வேண்டிய தகுதி இருக்கும் என்று சொல்வதற்கில்லை என்ற கருத்துப்பட எழுதினார். அடுத்த ஆண்டே அசோகனுடைய பிராமி எழுத்தைப் படித்து உலகப் புகழ் பெற்ற அதே பிரின்செப்தான். வேலை பாதிரியார் வில்லியம் டெய்லருக்குக் கொடுக்கப்பட்டது. டெய்லர் உழைப்பாளி, அவருடைய பட்டியல் நூல்கள் மூன்று பெரிய பாகங்கள். ஆனால் அவசர முடிவுகளுக்கும் அவர் பேர்போனவர் என்பதைப் பின்னால் வந்தவர்கள் மெல்ல மெல்லச் சொல்லிவிட்டார்கள். காப்டன் காரின் தொகுப்பில் இவ்விருவர் எழுத்தும் ஒரே அட்டைக்குள் இருக்கிறது. தலைப்புப் பக்கத்து ஆசிரியர் வரிசையில் டெய்லரின் பெயர் உண்டு, லக்ஷ்மய்யாவின் பெயர் இல்லை. ஸ்தலத்திலேயே நின்று விசாரித்து எழுதும் உள்ளூர் ஆராய்ச்சியாளன் என்ற இனத்துக்கு இந்தக் கரையில் மூலபுருஷர் யாரென்று கேட்டால், நான் லக்ஷ்மய்யாவைத்தான் சொல்வேன்.

சேம்பர்ஸும் கோல்டிங்ஹாமும் லக்ஷ்மய்யாவும் எழுதியபோது பாறைகளில் வெட்டியிருந்த எழுத்துக்களை வாசிக்க ஒருவராலும் முடியவில்லை. அந்தப் பூட்டைத் திறந்தவர் பெஞ்சமின் கை பாபிங்டன். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்த இவர், வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். முனிவரின் செந்தமிழ் இலக்கணத்தையும் மொழிபெயர்த்தவர். பிற்பாடு உத்தியோகத்தை விட்டு வைத்தியம் கற்று, தொண்டைக்குள்ளே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் கருவியைச் செய்து, வைத்திய சரித்திரத்திலும் இடம்பெற்றவர். தமிழ் பயின்ற கண் எந்தத் துறையில் புகுந்தாலும் வீண்போகாது என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஓர் அற்ப சந்தோஷம்! 1828இல் லண்டன் சபையில் வாசிக்கப்பட்டு 1830இல் அச்சான அவருடைய வியாசத்தில், கணேச ரதத்திலும் சாளுவன்குப்பத்திலும் உள்ள பழைய கிரந்த எழுத்துக்கள் முதன்முறையாகப் படிக்கப்பட்டன. அதுவரை மகாபலியையும் பாண்டவரையும் சுற்றிக்கொண்டிருந்த பேச்சு, அன்று முதல் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்த ஓர் அரசனிடம் வந்து நின்றது. அவ்வரசனுக்கு ‘அத்யந்தகாமன்’ என்று ஒரு விருது. ஆனால் அந்த விருதுக்குரியவன் பல்லவ குலத்தில் எவன் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1890இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதர் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்’ முதல் தொகுதியின் முதல் எண்களே மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தின் விருதுப் பெயர்கள்தாம். தென்னாட்டுச் சாசனக் கடலுக்கே இந்த ரதம் பிள்ளையார்சுழியாயிற்று. அத்தொகுதியில் சாளுவன்குப்பத்து அதிரணசண்டன் குகையின் சாசனமும் உண்டு. ஒரே செய்தியை ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டி வைத்திருக்கிறான் அரசன். வடக்கேயிருந்து வருவோரும் வாசிக்கட்டும் என்று எண்ணினானோ, தன் எழுத்தர்களின் திறமையைக் காட்ட விரும்பினானோ, யார் கண்டார்?

ஹுல்ட்ஷுக்கு வலக்கையாக இருந்து, பின் அவருடைய பதவிக்கே வந்தவர் வெங்கையா. திருக்கழுக்குன்றத்துச் சாசனங்கள் நான்கைப் பற்றி அவர் எழுதிய வியாசம், இந்த மாவட்டத்துச் சரித்திரத்துக்கு ஒரு தூண். அச்சாசனங்களில் ஒன்று, முதலாம் ஆதித்த சோழன் காலத்தது. முன்பு ஸ்கந்தசிஷ்யன் என்ற அரசன் கோயிலுக்கு விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அவ்வாறே நடத்தி வந்தான் என்றும், அதைத் தானும் நடத்துவதாகவும் சோழன் அதில் சொல்கிறான். வாதாபியை வென்ற கீர்த்தி, பல்லவனுடைய சொந்தச் செப்பேடுகளுக்கு வெளியே, பிறகு வந்த வேறொரு குலத்து அரசன் வாயால், ஒரு நிலக் கணக்குக்கு இடையே சர்வசாதாரணமாகச் சொல்லப்படுவதுதான் இதன் அருமை. கல்கியின் நாவலில் வாதாபி எரிவதைக் கண்ணீரோடு படித்த வாசகர்கள், அந்தச் சொற்றொடர் ஒரு தேவதான நிலத்தின் பழைய உரிமையைச் சொல்லும் இடத்திலும் வருவதை ஒரு தரம் எண்ணிப் பார்க்கலாம். அதே ஊர் மலையில், ஏறி இறங்கும் வழியில் உள்ள ஒருகல் மண்டபத்தின் கல்லில் வேறு எழுத்துக்களும் இருக்கின்றன: பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து உல்லாசமாக வந்த ஒல்லாந்தர் கீறிப்போன பெயர்களும் வருஷங்களும். இன்று ஒரு பையன் அதே காரியத்தைச் செய்தால் தண்டம் விதிப்போம்; இருநூறு முந்நூறு வருஷம் பொறுத்திருந்தால் அதுவும் சாசனமாகிவிடுகிறது.

இனி, எழுத்தே இல்லாத கல்லை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ-துப்ராய். 1914இல் பிரெஞ்சு மொழியில் இரண்டு பாகங்களாக அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்பொருள் நூலின் கட்டடப் பகுதி, 1917இல், கிருஷ்ணசாமி ஐயங்கார் பதிப்பித்து ஆங்கிலத்தில் வந்தது. அவர் கைக்கொண்ட முறை எளிது. எளிதாக இருந்ததாலேயே அதற்கு முன் ஒருவரும் கைக்கொள்ளவில்லை போலும். உயிரோடிருந்த ஸ்தபதிகளிடம் போய் ஒவ்வோர் உறுப்புக்கும் வழங்கும் பெயரைக் கேட்டார். பிறகு அந்த உறுப்பு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி மாறியது என்று கோயில் கோயிலாகப் பார்த்து வரைந்தார்.

உதாரணத்துக்கு, கபோதம் என்ற கூரை விளிம்பில் வரிசையாக அமைந்திருக்கும் கூடுகளை எடுத்துக்கொள்வோம். லாட வடிவில் வளைந்து, நடுவே ஒரு சிறு முகம் எட்டிப் பார்க்கும் அந்த அலங்காரத்தை மாமல்லபுரத்து ரதங்களில் அண்ணாந்து பாருங்கள். வளைவின் உச்சி மண்வெட்டியின் தகடு போலத் தட்டையாக விரிந்து நிற்கும். சோழர் கோயிலுக்குப் போனால் அந்த உச்சியிலே சிங்கமுகம் வந்து அமர்ந்திருக்கும். தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும் இப்படியே: பல்லவருடையது வளைவாக இறங்கி, அதன்மேல் அலையலையாக வரிகள் ஓடி, நடுவே ஒரு பட்டை கட்டியிருக்கும், சோழருடையது சாய்வாக வெட்டுண்டு, நடுவில் ஒரு முனை துருத்தி நிற்கும், விஜயநகர காலத்தில் அதுவே கீழ்நோக்கித் தொங்கும் மொட்டாகிவிடும். இந்தப் பாடத்தை ஒரு நாள் பழகிக்கொண்டவன், எழுத்தறியாதவனாயினும், சாசனமில்லாத மண்டபத்தின் முன் நின்று அதன் காலத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். துப்ராய் வகுத்த மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, ராஜசிம்மன் பாணி என்ற பிரிவை லாங்ஹர்ஸ்ட் 1924 முதல் 1930 வரை மூன்று பாகமாக எழுதிய ‘பல்லவர் கட்டடக் கலை’ ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள் எடுத்துக்கொண்டன. துப்ராயின் பெயரை மட்டும் பாடப் புத்தகக்காரர்கள் எடுத்துக்கொள்ள மறந்தார்கள்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைப் பற்றிய சண்டை தனி ரகம். ஊரார் அதை அர்ச்சுனன் தபசு என்றார்கள். 1914இல் கொலூப்யூ என்ற அறிஞர், பாறையின் நடுப்பிளவும் அதில் நீந்தி ஏறும் நாகர்களும் கங்கை இறங்கி வருவதையே குறிக்கின்றன என்றும், ஒற்றைக்காலில் நிற்பவன் பகீரதன் என்றும் எழுதினார். உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளங்கள் அவருக்குத் துணைநின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி 1950இல் ‘மகாபலிபுரத்து ஜைன சிற்பம்’ என்று ஒரு சிறு நூல் எழுதி, இது ஜைன புராணத்துச் சகர சக்கரவர்த்தி குமாரர்களின் கதை என்று வாதித்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் டி. என். ராமச்சந்திரன் கிராதார்ச்சுனீயத்தைச் சான்றாகக் கொண்டு மறுபடி அர்ச்சுனனையே நிலைநாட்டினார். மயிலையாரின் முடிவை ஒப்புக்கொண்டவர் மிகச் சிலரே; நானும் ஒப்பவில்லை. ஆனால் அவர் பல்கலைக்கழகப் பீடம் எதுவும் இல்லாமல், சாதாரணப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு, மகேந்திரவர்மனைப் பற்றி 1955இலும், வாதாபி கொண்ட நரசிம்மவர்மனைப் பற்றி 1957இலும், மூன்றாம் நந்திவர்மனைப் பற்றி 1958இலும் தமிழிலேயே நூல்கள் எழுதி, தமிழ் மட்டுமே அறிந்த வாசகனுக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்கு கொடுத்தார். கட்சி கட்டி நின்ற எல்லாரும் சிற்பத்தின் கீழே தவம் செய்யும் பூனையைப் பற்றி மாத்திரம் ஒருவாறு ஒத்துப்போகிறார்கள்: அது கபட சந்நியாசிதான்.

இப்போது அத்யந்தகாமனிடம் வருவோம். தர்மராஜ ரதத்தில் இரண்டு விதமான எழுத்து இருக்கிறது. விருதுகளில் பெரும்பகுதி பழைய எளிய வடிவம், ‘அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்’ என்ற பெயரோ சற்றுப் பிற்காலத்து வடிவம். ஆகவே நரசிம்மவர்மன் தொடங்கியதைப் பரமேசுவரவர்மன் முடித்தான் என்று ஹுல்ட்ஷ் கணித்தார். எழுபது வருஷம் அக்கணக்கு அசையாமல் இருந்தது. 1962இல் நாகசாமி அதை அடியோடு புரட்டினார். அத்யந்தகாமன் என்ற விருது காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனுக்கு வழங்குகிறது. எழுத்தின் வடிவ பேதம் ஒரே காலத்திலும் இருக்கக்கூடும். பாணி வேறுபாடு ஓர் அரசனின் பலவகை ரசனையாலும் வரக்கூடும். ஆதலால் மாமல்லபுரம் முழுவதுமே ராஜசிம்மன் ஒருவனுடைய சிருஷ்டி என்பது அவர் வாதம். கே. ஆர். சீனிவாசன், 1964இல் வெளிவந்த தம் பல்லவர் குகைக் கோயில் நூலில், தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை என்ற பழைய பக்கத்தையே பிடித்து நின்றார். அவர் ஒவ்வொரு தூணையும் சதுரம் இவ்வளவு, கட்டு இவ்வளவு என்று அங்குல சுத்தமாக அளந்து கொடுத்திருக்கிறார். எதிர்க்கட்சியார்கூட அவருடைய அளவுகளை எடுத்துக்கொண்டுதான் அவரை மறுக்கிறார்கள். இந்த வழக்கில் என்னுடைய அனுதாபம் சீனிவாசன் பக்கம் என்றாலும், கைலாசநாதர் கோயில் விருதுக்கு அவர் தரப்பில் திருப்தியான சமாதானம் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு இவ்வளவு காகிதம் செலவான காலத்தில், அதே மாவட்டத்தில், செங்கற்பட்டு நகருக்குச் சற்றுக் கிழக்கே வல்லம் என்ற சிற்றூர்க் குன்றின் குகைகள் அதிகம் பேசப்படாமலே கிடந்தன. அவற்றில் மேலுள்ள குகையின் தூணில், மகேந்திரவர்மனின் விருதுகளை வரிசையாகச் சொல்லி, அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசன் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம் இது என்று தமிழில் வெட்டியிருக்கிறது. இன்னொன்று கொம்மை என்ற பெண் செய்வித்ததாகச் சாசனம் கூறுகிறது. சம்ஸ்கிருத விருதுகளைக் கல்லில் நிரப்பிய பல்லவர் ஆட்சியில், ஒரு சிற்றரசனும் ஒரு பெண்ணும் தமிழில் தம் பெயரை எழுதி வைத்ததற்கு, பெரிய ரதங்களுக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்காவது கொடுத்திருக்கலாம்.

செங்கற்பட்டுக் கோட்டையின் கதி அதைவிட மோசம். விஜயநகர அரசு தளர்ந்த காலத்தில் எழும்பி, ஏரியும் சதுப்பும் அரணாகச் சூழ, 1752இல் கிளைவின் பீரங்கிகளுக்குப் பணிந்த அந்தக் கோட்டையின் நடுவிலேயே பின்னர் ரயில் பாதை போட்டார்கள். உள்ளே, காஞ்சிபுரத்துத் தேரைப் பார்த்து அமைத்ததாகச் சொல்லப்பட்ட ராஜமகால் என்ற அடுக்கு மாளிகை இருந்தது. 1879இல் குரோல் துரை வெளியிட்ட மாவட்டக் கையேடும், பின்னால் வந்த கெசட்டியரும் இக்கோட்டைக்குக் கொடுத்த இடம் கொஞ்சம்தான். ஒரு பாபிங்டனோ ஒரு துப்ராயோ அங்கே நின்று வரைந்திருந்தால், அந்த மாளிகையின் நிலைகள் எத்தனை மாடக்குழி உடையவை, அவற்றில் எது தேரின் சாயல், எது மாளிகையின் சாயல் என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும். இப்போது ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கோளவாய் ஏரியைப் பார்க்கிறார்கள். கோட்டைக்குள்ளாகத்தான் போகிறோம் என்பது பலருக்குத் தெரியாது.

கடற்கரைக்குத் திரும்பினால், ஏடுகளின் வேலை இன்னும் ஓயவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து போனபின், சாளுவன்குப்பத்துக்கு அருகே ஒரு பாறையில் சாசனம் வெளிப்பட்டது. ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது அது. திருவீழ்ச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்கு விட்ட தானத்தைக் கூறியது. சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு கோயில் கண்ணுக்குத் தெரியவில்லை. சாசனம் பொய் சொல்லாது என்ற துணிவில் தொல்லியல் துறையினர் பக்கத்து மணல்மேட்டைத் தோண்டியபோது, பல்லவ, சோழ அரசர்களின் கல்வெட்டுக்களைத் தாங்கிய தூண்களும், ஒரு கல் வேலும், அவற்றின் கீழே பல்லவருக்கும் முற்பட்ட செங்கல் கட்டடமும் வெளிவந்தன. அச்செங்கற் கோயில் சங்க காலத்ததுதானா, எத்தனை தரம் கடல் அதை அழித்தது, எத்தனை தரம் மக்கள் அதை மீண்டும் எடுத்தார்கள் என்ற விஷயங்களை, வயலூர்த் தூணில் ராஜசிம்மன் எழுதிவைத்த பல்லவ வம்சாவளியோடு சேர்த்து, அடுத்த அத்தியாயத்தில் ஆராய்வோம்.